நம் மண்ணை அறியாத ஈரமானி நமக்கு வேண்டாம்

மழைநாளில் கொழுந்து நிறுத்த அனுபவம் நம் வாசகர்களில் அநேகருக்கு உண்டு. கொழுந்தைத் தராசில் வைப்பார்கள். இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கென்று ஒரு கழிவு போடுவார்கள். மிச்சம்தான் நம் பெயருக்கு எதிரே எழுதப்படும். உண்மையிலேயே எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று ஒரு பிடி இலையைக் காயவைத்து யாரும் பார்ப்பதில்லை. கழிவு போடுகிறவர் சொல்வதே கணக்கு.

இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு மெட்ரோலாக் என்ற கருவியும் தெரிந்திருக்கும். பாலில் மிதக்கவிட்டால், அதில் இறப்பர் எவ்வளவு என்று அதன் கோடு காட்டும். அந்தக் கோடு சொல்வது சரியா என்று சந்தேகம் வந்தால் ஒரே வழிதான் உண்டு. கொஞ்சம் பாலை அளந்தெடுத்து, உறையவைத்து, தகடாக்கி, காயவைத்து, நிறுத்துப் பார்க்க வேண்டும். காய்ந்த இறப்பரின் நிறைதான் கடைசித் தீர்ப்பு. மெட்ரோலாக் ஒரு சாட்சி மாத்திரமே, நீதவான் அல்ல.

இந்த இரண்டு அனுபவங்களையும் மனதில் வைத்துக்கொண்டு, இப்போது நம் காய்கறிப் பாத்திகளுக்குள் வந்து சேர்ந்திருக்கும் புதிய கருவி ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மண்ணில் குத்திவைத்தால் ஈரம் எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும் ஈரமானியே அது. சில திட்டங்கள் இதை இலவசமாகக் கொடுக்கின்றன. கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது. கருவி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காத கருவி வேண்டாம் என்பதே எனது கருத்து.

நடந்த ஒன்று

கொடகவெலைப் பக்கத்தில், மண்சரிவு அபாயத்தால் மேட்டுக் குடியிருப்பை விட்டு இறங்கி வந்த சில குடும்பங்களுக்கு ஒரு திட்டத்தின் கீழ் இந்த ஈரமானிகள் கொடுக்கப்பட்டன. திட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம், நோக்கம் நல்லதுதான். ஒரு வீட்டில் மிளகாய்ப் பாத்தியில் குத்திய கருவி நாள்தோறும் "உலர்வு" என்றே காட்டியது. வீட்டுப் பெண்கள் காலையும் மாலையும் பீலியிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். சில வாரங்களில் செடி மஞ்சளித்தது, வேர் அழுகியது. மேற்பார்வைக்கு வந்தவர் கருவியைப் பார்த்துவிட்டு, "ஒழுங்காகத் தண்ணீர் விடவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்.

பிறகு அந்தப் பாத்தியிலிருந்து மண் எடுத்து நிறுத்து, உலர்த்தி, மறுபடி நிறுத்துப் பார்த்தோம். தண்ணீர் தேவைக்கு அதிகமாகவே இருந்தது. கருவி பழுதும் அல்ல. அந்த மண்ணில் சரளைக்கல் நிறைய. குத்திய தகட்டுக்கும் மண்ணுக்கும் இடையில் கல் காரணமாகக் காற்று நின்றது. கருவி மண்ணையல்ல, காற்றைத்தான் அளந்துகொண்டிருந்தது.

செடி போனது ஒரு நட்டம். சுமந்த தண்ணீர் இன்னொரு நட்டம். ஆனால், தவறே செய்யாத ஒரு தாயின் பெயருக்கு எதிரே பிழையான ஒரு குறிப்பு ஏறியதே, அதுதான் என்னை இதை எழுதத் தூண்டியது. கொழுந்துத் தராசில் நாம் பட்டது போதும். வீட்டுத் தோட்டத்திலும் அது தொடர வேண்டுமா?

கருவி எதை அளக்கிறது?

இன்று மலிவாகக் கிடைக்கும் ஈரமானிகளில் பல, தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. தம்மைச் சுற்றியுள்ள பொருள் மின்புலத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதையே பார்க்கின்றன. அந்தத் தன்மைக்கு விஞ்ஞானிகள் ஓர் எண் கொடுப்பார்கள். காற்றுக்கு அது 1. உலர்ந்த மண்ணுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 வரை. தண்ணீருக்கோ ஏறத்தாழ 80. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதால், மண்ணில் தண்ணீர் கூடும்போது அந்த எண்ணும் ஏறும். அதை வைத்துக் கருவி ஈரத்தை ஊகித்துச் சொல்கிறது.

1980ஆம் ஆண்டில் கனடாவில் டொப், டேவிஸ், அன்னான் என்ற மூவர், பல வகை மண்களில் சோதனை செய்து இதற்கு ஒரு பொதுச் சூத்திரத்தை வெளியிட்டார்கள். சாதாரண மண்கள் பலவற்றுக்கு அது நன்றாகவே பொருந்தியது. ஆனால் அவர்களுடைய சோதனையிலேயே, இலைகுழை மக்கிய கரிமப்பொருள் நிறைந்த மண்ணுக்கு வேறொரு கோடு வேண்டியிருந்தது. பாரமான களிமண்ணிலும் அந்தப் பொதுச் சூத்திரம் பிசகுவதைப் பின்வந்தவர்கள் கண்டார்கள். ஆக, "எல்லா மண்ணுக்கும் பொருந்தும்" என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

நமது மண்ணில் கருவியைக் குழப்பும் காரணங்கள் பல. சரளைக்கல் ஒன்று. மண் துணிக்கைகளோடு இறுக ஒட்டிய தண்ணீரைக் கருவி சரியாகக் காணாமல் போவது களிமண்ணில் உள்ள சிக்கல். யூரியா, பொட்டாசியம் உரம் போட்டபின் மண்நீரில் உப்புக் கூடும். மலிவான கருவிகள் அதையும் ஈரமென்று எண்ணி எண்ணைக் கூட்டிக் காட்டும். இரண்டு உலோக ஊசிகளுக்கிடையே மின் ஓடுவதை அளக்கும் சாதாரண வகையில் இந்தக் கோளாறு இன்னும் அதிகம், ஊசியும் துருப்பிடிக்கும். காலையில் ஓர் எண்ணும் நடுப்பகல் வெயிலில் வேறோர் எண்ணும் வருவதுண்டு. சில கருவிகளில் ஈரம் கூடக்கூட எண் குறையும். இதை அறியாதவர் தலைகீழாகவே படிப்பார்.

ஒரே எண், வேறு வேறு மண்

கருவி சரியான எண்ணையே சொன்னாலும் வேலை முடிந்துவிடாது. நூறு பங்கு மண்ணில் 20 பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். மணல் மண்ணில் அது செடிக்கு ஏராளம். பாரமான களிமண்ணில் அதே 20 இருக்கும்போது செடி வாடி நிற்கும். தண்ணீர் இருந்தும் களிமண் அதை விடாது. தும்புத்தூள் நிரப்பிய பையில் 30 என்று காட்டினாலும் செடி தாகத்தில் இருக்கக்கூடும்.

தும்புத்தூளில் இன்னொரு மயக்கமும் உண்டு. அது மிக இலேசானது. தன் நிறையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும். எனவே "நிறைப்படி நூற்றுக்கு எவ்வளவு" என்று கேட்டால் 500, 600 என்றுகூட வரும். "கனவளவுப்படி" கேட்டால் 60, 70 என்று வரும். இரண்டும் உண்மையே. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறவரிடம், "ஐயா, இது நிறைப்படியா, கனவளவுப்படியா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

கையும் ஒரு கருவிதான்

"எனக்குக் கருவி எதற்கு? ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தால் தெரியாதா?" என்று மூத்தவர்கள் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. உருட்டிப் பார்க்கும் கை நல்ல கருவிதான். ஆனால் அந்தக் கையும் ஒரு குறிப்பிட்ட மண்ணில் பழகிய கை.

கொடகவெலை ஈரவலயமும் உலர்வலயமும் நெருங்கிவரும் பகுதியில் இருக்கிறது. இரத்தினபுரிப் பக்கத்துச் செம்மஞ்சள் மண் ஒருவிதம். எம்பிலிப்பிட்டி, உடவளவைப் பக்கத்துச் செங்கபில மண் வேறுவிதம். பஸ்ஸில் சிறிது தூரம் போவதற்குள் மண் மாறிவிடுகிறது. ஒன்றில் உருண்டை பிடித்தால் ஈரம் போதும் என்று பொருள். மற்றதில் அதே உருண்டைக்கு வேறு பொருள். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இந்த மாவட்டத்தில் வந்த வெள்ளத்தாலும் மண்சரிவாலும் இடம்மாறியவர்கள், வீட்டோடு தங்கள் கை பழகிய மண்ணையும் இழந்தார்கள்.

1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு தென்பகுதித் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய நம் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள். மலைமண்ணில் பழகிய கையோடு போனவர்கள், வன்னி மண் எப்போது தண்ணீர் கேட்கும் என்று கற்றுக்கொள்ளச் சில போகங்களை இழந்தார்கள். முருங்கன் பக்கத்துக் கருங்களியோ வேறு கதை. போர்க்காலத்தில் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தவர்கள் ஒவ்வோர் இடத்திலும் இதே பாடத்தைத் தொடக்கத்திலிருந்து படித்தார்கள்.

இடம்பெயர்ந்த விவசாயிக்கு ஈரமானி பயன்படுமானால் அது இங்கேதான். புதிய மண்ணில் கை பழகும் காலத்தை அது குறைக்கும். ஆனால் அதற்கு முதலில் கருவிக்கும் அந்த மண்ணை நாம் பழக்க வேண்டும். இதைத்தான் அளவுதிருத்தம் என்கிறார்கள். மெட்ரோலாக் சொன்னதைக் காய்ந்த இறப்பரோடு ஒப்பிட்டோமே, அதுவேதான்.

நாமே செய்யலாம்

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கிராம் காட்டும் ஒரு தராசு, இரண்டு லீற்றர் கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஓர் அளவுச் சாடி, ஒரு கொப்பி போதும்.

முதலில், இரண்டு பக்கமும் திறந்த அரை லீற்றர் டின் ஒன்றைப் பாத்தியில், வேர் ஓடும் ஆழத்தில், நேராக அழுத்தி இறக்குங்கள். சுற்றிலும் தோண்டி மண்ணோடு எடுத்து, இரு முனையையும் கத்தியால் மட்டம் செய்யுங்கள். அந்த மண்ணை உலர்த்தி நிறுங்கள். ஆய்வுகூடத்தில் 105 பாகை செல்சியஸ் சூட்டில் 24 மணித்தியாலம் வைப்பார்கள். வீட்டில் இரும்புச் சட்டியில் மெல்லிய நெருப்பில் கிளறி, இரண்டு தடவை அடுத்தடுத்து நிறுத்தும் நிறை மாறாதிருக்கும்வரை உலர்த்தலாம். மண் கருகக் கூடாது. தும்புத்தூளை நெருப்பில் வைக்க வேண்டாம். நல்ல வெயிலில் பல நாள் பரப்பிக் காயவிடுங்கள்.

உதாரணமாக, அரை லீற்றர் டின்னில் இருந்த உலர்ந்த மண் 600 கிராம் என்று வைப்போம். அப்படியானால் இரண்டு லீற்றருக்கு 2400 கிராம் வேண்டும். அதே பாத்தியின் மண்ணை நன்கு உலர்த்தி, கட்டியை உடைத்து, 2400 கிராம் நிறுத்து, வாளியில் இரண்டு லீற்றர்க் கோடுவரை சேரும்படி அமுக்கி நிரப்புங்கள். ஈரமானியை அதன் அடையாளக் கோடுவரை, வாளியின் ஓரத்தில் படாமல், நடுவில் குத்துங்கள். மூன்று தடவை குத்தி மூன்று எண்ணையும் எழுதுங்கள். இது தண்ணீர் இல்லாத நிலை.

பிறகு மண்ணைப் பொலித்தீனில் கொட்டி, 200 மில்லிலீற்றர் தண்ணீர் தெளித்துக் கலந்து, மூடி இரவு முழுவதும் வையுங்கள். காலையில் அதே கோடுவரை நிரப்பி மறுபடி அளவெடுங்கள். இரண்டு லீற்றரில் 200 மில்லிலீற்றர் என்பது கனவளவுப்படி நூற்றுக்கு 10. இப்படியே 400, 600, 800 என்று ஏற்றினால் 20, 30, 40 கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் வாளியை நிறுங்கள். ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் ஒரு கிராம். நிறை குறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாகிவிட்டது என்று அறிந்து அந்த அளவைச் சேர்க்கலாம். கருவி காட்டிய எண்ணை ஒரு பக்கமும், உண்மையான தண்ணீரை மறுபக்கமும் எழுதினால் உங்கள் மண்ணுக்கான அட்டவணை தயார். கல் நிறைந்த மண்ணானால் கல்லைப் பொறுக்கி எறியாமல் அப்படியே சோதியுங்கள். பாத்தியில் இருப்பது அந்த மண்தானே.

இனிப் பாத்தியில் இரண்டு அடையாளம் வேண்டும். பெருமழைக்குப் பிறகு, அல்லது நன்றாக நனைத்தபின், ஓரிடத்தைப் பொலித்தீனால் மூடி, இரண்டு நாள் கழித்துக் கருவியில் பாருங்கள். மேலதிக நீர் வடிந்து, மண் பிடித்து வைத்திருக்கும் அளவு அது. இது மேல் அடையாளம். பாத்தி ஓரத்தில் ஒரு செடியைத் தண்ணீரின்றி விட்டு, விடியற்காலையிலும் நிமிராமல் வாடி நிற்கும் நாளில் அளவெடுங்கள். இது கீழ் அடையாளம். மிளகாய், போஞ்சி, தக்காளி போன்றவற்றுக்கு இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஈரத்தில் பாதி தீர்வதற்கு முன்பே தண்ணீர் விட வேண்டும். பூக்கும் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தவுடனேயே விடுவது நல்லது. அந்த எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அதன்பின் வீட்டில் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை.

எல்லாக் கருவிகளுக்கும் இவ்வளவு வேலை வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டென்சியோமீட்டர் என்பது நுண்துளையுள்ள களிமண் முனை பூட்டிய, தண்ணீர் நிரப்பிய குழாய். மண்ணில் எவ்வளவு தண்ணீர் என்பதை அது சொல்லாது. அதை உறிஞ்ச வேர் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைச் சொல்லும். ஆகவே மண்ணுக்கு மண் வேறு அட்டவணை வேண்டியதில்லை. ஆனால் மண் மிகக் காய்ந்தால் அதற்குள் காற்றுப் புகும். மறுபடி தண்ணீர் நிரப்ப வேண்டும். இதே இழுவையை நீலம், பச்சை, சிவப்பு என்று நிறத்தில் காட்டும் கமீலியன் என்ற கருவியை அவுஸ்திரேலிய மண் விஞ்ஞானி ரிச்சர்ட் ஸ்டேர்சாக்கரும் அவரது குழுவினரும் உருவாக்கி, மொசாம்பிக், தன்சானியா, சிம்பாப்வே நாடுகளின் சிறு விவசாயிகளிடம் கொடுத்திருக்கிறார்கள். திட்டம் தயாரிப்பவர்கள் கருவி வாங்குமுன் இவற்றையும் யோசிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை

பாத்தியில் குத்தும் ஈரமானியை வைத்து, மலை சரியுமா சரியாதா என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. அது ஒரு சாண் ஆழத்து மண்ணையே அறியும். சரிவு பிறப்பது அதற்கு மிகக் கீழே. அதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவையே அடையாளமாகத் தந்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஆனால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 ஆனாலோ, ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும். அந்த அளவை எட்டுமுன்பே நிலம் வெடித்தாலோ, மரம் சாய்ந்தாலோ, ஊற்று திடீரென்று கலங்கினாலோ எண்ணுக்காகக் காத்திராதீர்கள். பிள்ளைகளோடு இறங்கிவிடுங்கள்.

நாம் கேட்க வேண்டியவை

கருவி கொடுக்க வருகிறவர்களிடம், அவர்கள் அரசாங்கமாயினும் தொண்டு நிறுவனமாயினும் நமது திருச்சபையாயினும், நான்கு காரியங்களை நாம் கேட்க வேண்டும்.

முதலாவது, கருவியோடு அந்தந்த இடத்து மண்ணின் அட்டவணையும் வர வேண்டும். ஒரே ஊரில் மண் மூன்று விதமானால் அட்டவணையும் மூன்றாக இருக்கட்டும். இரண்டாவது, அந்த ஒப்பீடு நம் கண்முன்னே, நம் கையாலேயே செய்யப்பட வேண்டும். முக்கியமாகத் தண்ணீர் சுமக்கும் பெண்கள் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது, வருடத்துக்கு ஒரு தடவையாவது, அல்லது எருவும் தும்புத்தூளும் போட்டு மண்ணை மாற்றும்போதெல்லாம், மறுபடி ஒப்பிட வேண்டும். நான்காவது, ஒப்பிடாத கருவியின் எண்ணை எந்தக் குடும்பத்தின் பெயருக்கு எதிராகவும் எழுதக் கூடாது. கடனையோ உதவியையோ அதை வைத்து நிறுத்தக் கூடாது.

"இதெல்லாம் படித்தவர்கள் செய்யும் வேலை" என்று சிலர் சொல்வார்கள். நிறுப்பதும் அளப்பதும் உலர்த்துவதும் நம் பெண்கள் அறியாத வேலையா? அட்டவணை எழுத ஓ.எல். படிக்கும் பிள்ளை ஒன்று போதும். "நேரம் இல்லை, செலவாகும்" என்று வேறு சிலர் சொல்வார்கள். ஒரு சங்கத்துக்கு ஒரு தராசு, ஒரு வாளி, ஒரு வாரம். அழுகிப்போகும் ஒரு மிளகாய்ப் பாத்தியைவிட அது மலிவு. ஆய்வுகூட உதவி தேவைப்பட்டால், பெலிஹுல்ஓயாவில் சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. இரத்தினபுரியில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. நமது சங்கங்கள் விவசாயப் போதனாசிரியர் மூலம் கடிதம் எழுதிக் கேட்கட்டும். நம் வரிப்பணத்தில் நடக்கும் நிலையத்தில் நம் மண்ணைச் சோதிக்கச் சொல்வது பிச்சை கேட்பது அல்ல.

கள்ளத் தராசைக் கர்த்தர் வெறுக்கிறார் என்பது நமக்கு ஞாயிறு பாடசாலையிலேயே சொல்லித்தரப்பட்டது. வேண்டுமென்று ஏமாற்றும் தராசு மட்டுமே கள்ளத் தராசு என்று நினைத்திருந்தேன். நல்லெண்ணத்தோடு கொடுத்தாலும் சரிபார்க்காத அளவு ஏழையின் கணக்கில்தான் பிழைக்கும் என்பதை அந்த மிளகாய்ப் பாத்தி எனக்குக் காட்டியது. அடுத்த முறை உங்கள் வாசலுக்கு ஈரமானியோடு யாராவது வந்தால், நன்றி சொல்லி வரவேற்று, உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுங்கள். பிறகு ஒரு வாளி மண்ணையும் தராசையும் முன்னால் வைத்து, "வாருங்கள், முதலில் இதில் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.